பெட்டி வந்தால் பெருக்கல் குறி

என் வீட்டுக்காரர் சக்கரபாணிக்குக் கம்ப்யூட்டர் தெரியும். இதை நான் சொல்லவில்லை, எங்கள் தெரு சொல்கிறது. அண்ணாமலையார் கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்பக்கம் வந்து, கம்ப்யூட்டர் சார் வீடு எது என்று கேட்டால் பால் ஊற்றுகிறவர்கூட வண்டியை நிறுத்திக் கையைக் காட்டுவார். பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் நான். அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் அது டீச்சர் வீடு ஆகவில்லை. இருக்கட்டும், இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சொல்லிக் காட்டுகிறேன்.

அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எழுத்தராக இருந்தபோது அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், மேலே ஒரு துணியைப் போர்த்தி மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தார்கள். தொட்டால் ஷாக் அடிக்கும் என்றார் ஒருவர். கண் போய்விடும் என்றார் இன்னொருவர். துணியை எடுத்துவிட்டு முதலில் அதன் முன்னால் உட்கார்ந்தவர் இவர்தான். அந்தத் தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போய்விட்டு ஒரு தோள்பையும் ஒரு விதியும் கொண்டுவந்தார். பை இரண்டே வருஷத்தில் கிழிந்துவிட்டது. விதி கெட்டியான விதி.

“நாம வேலை பண்ணிக்கினு இருக்கும்போது நடுவுல ஒரு பொட்டி வந்து நிக்கும் சரோ. இன்னா ஏதுன்னு பாக்கவே கூடாது. மூலையில பெருக்கல் குறி இருக்கும் பாரு, அத்த அமுக்கணும். அமுக்குனா போயிடும்.”

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, பெயரும் எடுத்து, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றுவிட்டார். தமிழில் தட்டச்சு செய்வதில் அவர் புலி. ஒரு கிராமத்துப் பட்டாதாரர் பெயர்களையெல்லாம் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவார். தெருவில் யாருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் இவரிடம்தான் வருவார்கள். இவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு (ஆமாம், சட்டை இல்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டார்) விண்ணப்பத்தை நிரப்பித் தருவார். நடுவில் எத்தனை பெட்டி வந்தாலும் கொசு அடிக்கிற வேகத்தில் அடித்து அனுப்பிவிடுவார்.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் எங்கள் மகள் அன்புச்செல்வியின் படிப்புக்காக வாங்கியது. அவள் படித்து முடித்து, கல்யாணமாகி, ஓசூருக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் சீர்வரிசையில் சேராமல் இங்கேயே தங்கிவிட்டது. அதன் முன்னால் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி உண்டு. அதில் இவரைத் தவிர யாரும் உட்காருவதில்லை. எனக்கு ஏதாவது ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். எனக்கு அடிக்கத் தெரியாது என்றில்லை. பள்ளிக்கூடத்தில் வினாத்தாளெல்லாம் நானே அடித்தவள்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் மிக்ஸியை அவர் தொடுவதில்லை, மவுஸை நான் தொடுவதில்லை. யாரும் உத்தரவு போடவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க லைன்மேன் தருமன் வந்த அன்றே, வைஃபை வேண்டாம் என்று சொல்லி அதை நிறுத்திவைத்தார். “காத்துல வந்தா பாதி வழியிலயே கம்மியாயிடும். வயர்ல வர்றதுதான் நெட்டு” என்பது அவர் கட்சி. மாடி வீட்டுக்காரர்கள் உறிஞ்சிவிடுவார்கள் என்ற பயமும் உள்ளூர இருந்தது. ஆகவே எங்கள் வீட்டு நெட் ஒரே வயரில், ஒரே கம்ப்யூட்டருக்கு, பதிவிரதையாக வந்துகொண்டிருந்தது.

இனி என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில், தமிழுக்கு ஆட்களைக் குறைக்கிறோம் என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். சால்வை நல்ல சால்வைதான். ஆனால் காலை ஒன்பது மணி ஆனால் கை சாக்பீஸைத் தேடும். கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். கடைசியில் மளிகைக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்விடுகிற நிலை வந்துவிட்டது. வகுப்பில்லாத டீச்சர் வீட்டுக்கும் கஷ்டம், தெருவுக்கும் கஷ்டம்.

இந்தக் கோடையில் பக்கத்து வீட்டு வேதாவின் அக்கா குடும்பம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தது. இரண்டு பிள்ளைகள். தமிழ் பேசும், படிக்கத் தெரியாது. இருபது நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்குத் திரும்புவதற்குள் பஸ்ஸில் ‘செங்கம்’ என்று எழுதியிருந்ததை இரண்டும் கத்திப் படித்துவிட்டன. அந்த அம்மாதான் விடாமல் பிடித்துக்கொண்டாள், ஆன்லைனில் எடுங்கள் டீச்சர் என்று. ஒருவர் சொல்லி ஒருவராக, குவைத்தில் ஒரு பையன், பிராங்க்பர்ட்டில் ஒரு பெண் குழந்தை சேர்ந்தார்கள். ஐந்தாவதாக ஹெல்கா என்ற ஜெர்மன் அம்மாள். ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் எங்கள் ஊருக்கு வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குகிறவள். பதினோரு வருஷமாக வந்தும் ஒரு டீக்கடைப் பலகையைப் படிக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆதங்கம்.

எழுத்தறிவிக்க விஜயதசமியைவிட நல்ல நாள் கிடையாது. மாலை ஐந்து மணிக்கு முதல் வகுப்பு என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. நாலு வீட்டிலும் ஆளுக்கொரு தட்டில் அரிசி பரப்பித் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன். முதல் நாளே ஏமாற்றினால் பெற்றவர்கள் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். தமிழ் சொல்லித்தருவதற்கு ஆயிரம் ஆப் இருக்கிறது. எனக்கு இருந்தது இந்த ஐந்து பேர்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, நாலு நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. வருஷா வருஷம் அன்றைக்கு இவர் கம்ப்யூட்டருக்குச் செய்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூடச் செய்ததில்லை. வயரையெல்லாம் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து உள்ளே தூசு ஊதி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார். இந்த வருஷம் பக்தி இன்னும் ஜாஸ்தி.

“உன் க்ளாஸுக்காக ஸ்பெஷலா பண்றேன் சரோ. ஒரு தடங்கலும் வரக் கூடாது.”

கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டுக்கு மூன்று பொட்டு. திரையின் நான்கு மூலைக்கும் நான்கு. மேலே மாட்டியிருந்த கேமராவுக்கு ஒன்று. நெட் வருகிற டப்பாவுக்குப் பட்டையாகவே இழுத்துவிட்டார். மவுஸ் பிள்ளையாரின் வாகனம் என்பதால் அதற்குத் தனியாக அருகம்புல். திறந்திருந்த பெட்டிக்குள்ளும் கையை விட்டு, பொட்டு வைக்கத் தோதாக எங்கெல்லாம் வட்டமாக இருந்ததோ அங்கெல்லாம் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். கற்பூரம் காட்டினார். பொரி, கடலை, சுண்டல் படைத்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக் கூடாது என்பதால் கம்ப்யூட்டர் இரவெல்லாம் கரண்ட் இல்லாமல், ஈரச் சந்தனத்தோடு, சாமிக்கு முன்னால் விரதம் இருந்தது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, வலது கையால் ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய இடத்தில் வைத்து வயரையெல்லாம் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ நாலு வரி ஆங்கிலம் வந்தது. அதற்கு மூலையில் பெருக்கல் குறி இல்லை. இவர் கொஞ்சம் திகைத்து, கண்ணில் பட்ட கீயையெல்லாம் தட்டினார். போய்விட்டது. “ஆங்” என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எப்போதும் வருகிற நீலத் திரை வந்தது. வகுப்புக்கான இணைப்பைத் திறந்தார். திரை முழுக்க வெள்ளையாக, ஒரு சிவப்பு முக்கோணத்தோடு, பெரிய பெட்டி ஒன்று வந்து நின்றது. நான் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் அடித்துவிட்டார். மறுபடி திறந்தார். மறுபடி பெட்டி. மறுபடி பெருக்கல் குறி.

“நெட்டு வரல” என்று தீர்ப்புச் சொன்னார்.

“அந்தப் பொட்டியில என்னமோ எழுதியிருக்குதுங்க. ஒரு நிமிஷம் விட்டீங்கன்னா படிச்சுப் பாக்கலாம்.”

“அதெல்லாம் படிச்சுக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது. அது சும்மா வரும். நெட்டுதான் பிரச்சனை.”

பிறகு அவருடைய வைத்தியம் ஆரம்பமாயிற்று. நெட் டப்பாவை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போட வேண்டும் என்று எப்போதோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். முப்பது விநாடியை எண்ணுவதில் என்ன புண்ணியம் என்று இவர் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ பதினோரு தடவை சொல்லுவார். அன்றைக்குப் பதினொன்று பத்தாது என்று நூற்றெட்டுச் சொன்னார். டப்பா எழுந்து பச்சை விளக்கைக் காட்டியது. பெட்டியும் வந்தது. வயரைக் கழற்றி அதன் வாயில் ஊதினார். வேட்டி முனையால் துடைத்து மாட்டினார். பெட்டி வந்தது. கடைசியில் கற்பூரத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “உனக்குத்தான் கண்ணு பட்டிருக்குது சரோ, சிஸ்டத்துக்கும் சேத்துச் சுத்திப் போட்டுடறேன்” என்று கிட்டே வந்தார். நெருப்போடு வயர் பக்கம் வந்தால் நடப்பதே வேறு என்று நான் சொன்ன குரலில் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

மணி மூன்றே முக்கால். போனிலேயே வகுப்பை எடுத்துவிடலாம் என்று நானும் முயன்றேன். தொடர் விடுமுறை. ஊரில் இருக்கிற ஜனத்தைவிட வந்த ஜனம் ஜாஸ்தி. லாட்ஜெல்லாம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் கோபுரத்துக்கு முன்னால் நின்று வீடியோ பேசிக்கொண்டிருந்தார்கள் போல. என் போனில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, கிரிவலம் வருவதுபோலச் சுற்றிக்கொண்டே இருந்தது. பேச மட்டும்தான் முடிந்தது. அன்புச்செல்வியைக் கூப்பிட்டேன்.

“ஸ்கிரீன்ல என்னம்மா வருது?” என்றாள்.

நான் போனை அவரிடம் கொடுத்தேன்.

“ஒண்ணும் வரலம்மா” என்றார் இவர்.

“ஒண்ணுமே வரலயாப்பா? எரர் மாதிரி எதுவும்?”

“வந்துச்சு. மூடிட்டேன்.”

“எதுக்குப்பா மூடுனீங்க? அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு படிச்சுச் சொல்லுங்க.”

“சிக்னல் கட்டாவுது பாரு” என்று சொல்லிவிட்டு, நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஆத்திரம் பாதி, அழுகை பாதி. அரிசித் தட்டு வைத்துக்கொண்டு ஐந்து பேர் உட்காரப்போகிறார்கள், நான் இங்கே சிலைமாதிரி நிற்கப்போகிறேன்.

நாலு இருபதுக்குத் தருமன் வந்தான். பண்டிகை நாளிலும் கூப்பிட்டால் வருகிற மனுஷன். வண்டியின் ஹேண்டிலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் குங்குமம் இருந்தது. இருபது வருஷம் டிவி கேபிள் இழுத்துவிட்டு இப்போது நெட் கேபிள் இழுக்கிறான். வந்ததும் டப்பாவைக் குனிந்து பார்த்தான்.

“லைட்டு பச்சையா எரியுது சார். லைன் சுத்தமா இருக்குது. உங்க சிஸ்டத்துலதான் ஏதோ.”

ஊரில் வேறு யார் வீட்டிலும் இதைச் சொல்லலாம். கம்ப்யூட்டர் சார் வீட்டில் சொல்லக் கூடாது. இவர் முகம் சிவந்துவிட்டது.

“என் சிஸ்டத்துலயா? இருபத்தஞ்சு வருஷமா சிஸ்டம் பாக்கறவன்யா நானு. நேத்துத்தான் உள்ள வெளிய எல்லாம் தொடச்சு வெச்சிருக்கறேன். உன் லைன்லதான் கோளாறு. காலையில மாடியில கொரங்கு வயரப் புடிச்சு இழுத்துக்கினு இருந்தத இந்தக் கண்ணால பாத்தேன்.”

“கொரங்கா?” தருமனுடைய குரலே மாறிவிட்டது. உலகத்தில் நெட் போவதற்கு ஒரே காரணம்தான் உண்டு, அது மலையிலிருந்து இறங்கி வருகிறது என்பது தருமன் அனுபவத்தில் கண்ட உண்மை. பச்சை விளக்கையும் மறந்துவிட்டான். “அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? டீச்சரம்மா, கொஞ்சம் பொரி குடுங்க, தூரமா வீசுனாத்தான் வயர வுடும்.”

படைத்த பொரி ஒரு முறம் நிறைய மீதம் இருந்தது. அதை அள்ளிக்கொண்டு இரண்டு பேரும் மாடிப்படி ஏறினார்கள். ஒருவர் கையில் ஏணி, ஒருவர் கையில் பொரி. சண்டைக்குப் போகிறவர்கள் மாதிரியும் இல்லை, சமாதானத்துக்குப் போகிறவர்கள் மாதிரியும் இல்லை.

மணி நாலு முப்பத்தைந்து. கூடத்தில் நானும் கம்ப்யூட்டரும்தான் இருந்தோம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிச் சுவரில் மோதியது. காலால் உந்தித் திரும்பவும் முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். இணைப்பைத் திறந்தேன். பெட்டி வந்தது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, என் கையும் பெருக்கல் குறிக்குத்தான் போயிற்று. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து விதி எனக்கும் ஏறியிருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நான் தமிழ் டீச்சர். ஆங்கிலத்தை நாத்தனார் வீட்டு உறவுபோலத் தேவைக்கு மட்டும்தான் வைத்துக்கொள்வேன். ஆனாலும் அதில் அப்படியொன்றும் கடினமான ஆங்கிலம் இல்லை. பெரிய எழுத்தில், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று போட்டிருந்தது. நான் நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று பத்து நிமிஷம் முன்னாலேயே ஓடுகிறது. இந்தப் பெட்டிக்கு என்ன தெரியும் என்று எனக்கே ஒரு கணம் கோபம் வந்துவிட்டது. அப்புறம்தான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். உங்கள் கம்ப்யூட்டரின் தேதி 2012 ஜனவரி 1 என்று இருக்கிறது, அது தவறு, அதைச் சரிசெய்தால்தான் இணைக்க முடியும் என்று பொறுமையாக, மரியாதையாகச் சொல்லியிருந்தது.

திரையின் வலது கீழ் மூலையில் அவர் வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். அடியில் அதே தேதி. 2012 புத்தாண்டு அன்றைக்கு நான் எட்டாம் வகுப்பு பி பிரிவின் டீச்சர், நாற்பத்து மூன்று பிள்ளைகள். கம்ப்யூட்டர் அங்கேயே போய் உட்கார்ந்திருந்தது. எனக்கும் போக ஆசைதான், ஆனால் நேரம் இல்லை.

பெட்டியிலேயே தேதியைச் சரிசெய்ய ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். வருஷம், மாதம், நாள், மணி என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். தலைக்கு மேல் மாடியில் தடதடவென்று ஓடுகிற சத்தம். “சார், பொரிய மொத்தமா வீசாதீங்க, அது குடும்பத்தையே கூப்பிடுது!” என்று தருமன் கத்துவது கேட்டது. நான் இணைப்பைத் திறந்தேன். பெட்டி வரவில்லை. என் முகம்தான் வந்தது, வியர்த்து வழிந்துகொண்டு, சுற்றிலும் மஞ்சளாக ஓர் ஒளிவட்டத்தோடு. அவ்வளவு நேரமாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

நாலு ஐம்பத்தைந்துக்கு இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். தருமனின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. இவர் தலையெல்லாம் பொரி. திரையில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இரண்டும் கையசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் இவர் தருமனின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“பாத்தியா! நான் சொல்லல? வயர இழுத்துக் கட்டுனதும் வந்துடுச்சு!”

“வயர் இல்லீங்க” என்று ஆரம்பித்தேன். ஆனால் குவைத்தும் பிராங்க்பர்ட்டும் வந்துவிட்டன. வாயில் விரலை வைத்துக்காட்டிவிட்டு நான் திரும்பிக்கொண்டேன். கல்யாணமான இந்த முப்பத்தோரு வருஷத்தில் அவரை நான் வாய் மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உடனே மூடிக்கொண்டார்.

வகுப்பு நன்றாக நடந்தது. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, மிக நன்றாக நடந்தது. ஐந்து தட்டில் ஐந்து ‘அ’. குவைத் பையனுடைய ‘அ’ படுத்துக்கொண்டிருந்தது. பிராங்க்பர்ட் குழந்தை, டீச்சர் வீட்டில் ஏன் மஞ்சளாக வெயில் அடிக்கிறது என்று கேட்டது. கேமராவுக்கு வைத்த பொட்டைப் பற்றி அதற்கு எப்படி விளக்குவது, கோயில் ஊரில் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். ஹெல்கா அம்மாள் அரிசி தீர்ந்துவிட்டது என்று கோதுமை மாவில் எழுதினாள். எழுதி முடித்துத் தட்டைத் தூக்கிக் காட்டியபோது மாவு மடியில் கொட்டியது. அவள் கவலைப்படவில்லை, எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷமாக எனக்கு என்ன இல்லாமல் இருந்தது என்று அப்போது தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும்தான் கூடத்தில் இரண்டு ஆண்கள் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சுண்டல் தின்றுகொண்டிருந்ததைக் கவனித்தேன். தேதி விஷயத்தைச் சொன்னேன். தருமன் எழுந்து போன் வெளிச்சத்தை அடித்து, இன்னும் மூடாமலிருந்த பெட்டிக்குள் தலையை விட்டான்.

“சார், இங்க காசு மாதிரி வட்டமா ஒண்ணு இருக்குது பாருங்க. இது கடிகார பேட்டரி. கரண்ட் இல்லாதப்ப தேதியக் காப்பாத்தறதே இதுதான். ஈரம் பட்டு ராத்திரியே தீந்துபோயிருக்குது. இதுக்கு யாரு சந்தனம் வெச்சது?”

இவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அதில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நாளைக்குப் புது பேட்டரி வாங்கிவந்து போட்டுத்தருவதாகச் சொல்லிவிட்டுத் தருமன் கிளம்பினான். வாசலில் என்னிடம் மெதுவாக, “லைட்டு பச்சையாத்தான் இருந்துது டீச்சரம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கும் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா.

நான் உள்ளே வந்தபோது இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் ஸ்டூலில். கீபோர்டுப் பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொட்டியில இன்னா எழுதியிருந்துச்சு?”

எனக்கு மூன்று மணியிலிருந்து சேர்ந்திருந்த ஆத்திரம் அப்போது வெளியே வந்தது. “தேதி தப்பு, மாத்துங்கன்னுதான் எழுதியிருந்துச்சு. மூணு மணியிலருந்து அதையேதான் சொல்லிக்கினு இருந்துது. நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அதப் படிச்சிருந்தா மூணு அஞ்சுக்கு வேலை முடிஞ்சிருக்கும். நான் உள்ள போய் அழுதிருக்க மாட்டேன். உங்களுக்கு அப்படி என்னங்க பிடிவாதம்?”

அவர் இன்னொரு பொட்டைச் சுரண்டினார். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னார்.

“படிக்கத் தெரிஞ்சா படிக்க மாட்டேனா சரோ?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“எழுத்து தெரியும். கூட்டிப் படிச்சுடுவேன். என்னா சொல்லுதுன்னு புரியாது. வேலூர்ல அந்த மூணு நாளும் அவரு இங்கிலீஷ்லதான் நடத்துனாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க, நானும் ஆட்டுனேன். கடைசி நாளு டீ குடிக்கும்போது தமிழ்ல ஒண்ணு சொன்னாரு. அந்தப் பெருக்கல் குறி. அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது.” கீபோர்டைத் திருப்பி வைத்தார். “ஆபீஸ்ல பின்னாடி ஆளுங்க நின்னுக்கினு இருப்பாங்க. பொட்டி வந்தா நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அத்தச் சொல்லித் திட்டுதுன்னு நெனச்சுக்குவேன். அவங்க படிக்கறதுக்குள்ள மூடிடணும்னு கை ஓடும். அப்படியே பழகிப்போச்சு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் ஒளிந்துகொண்டு, படிக்கத் தெரியாததை மறைக்க வாயை மட்டும் அசைக்கிற பிள்ளையை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று பத்தொன்பது வருஷம் பெருமை பேசியவள் நான். அப்படிப்பட்ட பிள்ளையை ஒரு நாளும் நான் வகுப்பில் திட்டியதில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். இந்த மனிதரோடு ஒரே கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்க்கட்டும் என்றுதான் அழுதேன்.

அன்புச்செல்வியை மறுபடி கூப்பிட்டேன். கம்ப்யூட்டரில் வருகிறதையெல்லாம் தமிழில் வரவைக்க முடியுமா என்று கேட்டேன். அதற்கென்ன, எப்போதோ செய்திருக்கலாமே, தான் முன்பே கேட்டபோது அப்பாதான் கம்ப்யூட்டர் என்றால் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றாள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்திக்கொண்டே போனேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அணைத்துப் போட்டதும் எல்லாம் தமிழில் வந்தது. கரடுமுரடான தமிழ்தான். எந்த மகராசன் மொழிபெயர்த்தானோ, வல்லினம் மிகுமிடத்திலெல்லாம் மிகாமல் விட்டிருந்தான். அதை நான் அன்றைக்கு மன்னித்தேன்.

நாற்காலியை விட்டு எழுந்து அவரை உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. அவர் கை மவுஸுக்குப் பாய்ந்தது. பாதியில் நின்றது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டாதாரர் பெயரைப் படிக்கிற அதே குரலில், ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் விரலை ஓட்டிச் சத்தமாகப் படித்தார்.

“புதுப்பிப்புகள் தயாராக உள்ளன. இப்போது நிறுவ விரும்புகிறீர்களா, அல்லது பிறகு நினைவூட்ட வேண்டுமா?”

இன்னொரு தடவையும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இது திட்டல சரோ. நம்மளக் கேக்குது.”